கோப்பை இல்லாத கண்காட்சி

சித்தூரில் என் மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து எரிமலை செய்தது நான். முதல் பரிசு வாங்கியது அவள். பக்கத்து மேஜைப் பையன் தோத்தாபுரி மாங்காயை வைக்கோலிலும் காகிதத்திலும் வெறுந்தரையிலும் வைத்து, எது எத்தனை நாளில் பழுக்கிறது என்று நோட்டில் குறித்திருந்தான். மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல கேள்வி ஏது? "மாடல் எங்கே?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார் நடுவர்.

கோப்பையை மகள் என் மேஜையில் வைத்தாள். "இது உங்களுதுப்பா."

மறு வருடம் திருப்பதியில் ஆசிரிய நண்பர் ஒருவர் பரிசே இல்லாமல் ஒரு கண்காட்சி நடத்தினார். உதவிக்குப் போனேன், மகளோடு. எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. எங்களுக்குப் பெஞ்சு தூக்கும் வேலை. புத்தம் புதிய யோசனை என்று சொல்லமுடியாது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகத் தங்கள் ஊர்ப் பிரச்சினையைத்தான் ஆராய்ந்தார்கள். ஆனால் அதிலும் மாவட்டம், மாநிலம் என்று தேர்வு உண்டு. இங்கே அதுவும் கிடையாது. ஒவ்வொரு குழுவும் அடுத்த மேஜைக்குப் போய் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"பரிசில்லாவிட்டால் யார் சார் வருவார்கள்?" என்றார் ஒரு பெற்றோர். (போன வருடம் நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.)

இரண்டு சிறுமிகள் பள்ளிக் குழாய்க் கசிவை அளந்திருந்தார்கள். 20 நிமிடத்துக்கு 1 லிட்டர். நாளுக்கு 72 லிட்டர். எல்லோரும் கைதட்டினோம். என் மகள் மட்டும் தெலுங்கில் கேட்டாள்: "தொட்டியில தண்ணி குறைஞ்சா சொட்டுறதும் குறையாதா அக்கா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். 72ஐ அடித்தார்கள். மூன்று பேருமாக வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டோம்.