கடலோரமாகப் போகும் பாதை – 9: நெரவியில் கிடை

நாகூருக்கு வடக்கே வாஞ்சூரில் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலின் எல்லை தொடங்குகிறது. திருமலைராயன்பட்டினம் தாண்டி நெரவிக்குள் நுழைந்தபோது, அறுத்த வயலொன்றில் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள் ஆடு மேய்க்கும் இராமநாதபுரத்துக் கீதாரிகள்.

பகலெல்லாம் தரிசில் மேய்ந்த செம்மறிகளை இரவில் ஒரு வயலில் மடக்குவதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். உளுந்து, பயறு எடுத்தபின் குறுவை உழவு வரைக்கும் இவர்களுக்குப் பிழைப்பு.

லடாக்கில் பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பாக்களுக்குப் பனி எப்படியோ, இந்தச் சமவெளிக் கீதாரிகளுக்குக் குடகு மலை மழை அப்படி. அது மேட்டூர் அணையை நிரப்பி, அணை திறந்ததும் கிடை கிளம்ப வேண்டும். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. 2022இல் கோடை மழையில் நீர் பெருகி மே 24இலேயே திறந்தார்கள்; விடுதலைக்குப் பின் மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் முறை. 2024இல் நீரில்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. முந்தினால் கிடை நாள் குறைகிறது. பிந்தினால் கடைமடையான இங்கே புல்லும் குடிநீரும் தீர்ந்துபோகின்றன. உழவர் கொண்டாடும் முன்கூட்டிய தண்ணீர் கீதாரிக்கு இழப்பு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

“தை, மாசியில மழ பேஞ்சா இன்னும் மோசம் தம்பி,” என்றார் பெரியவர். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அப்படித்தான் பெய்து, டெல்டாவிலும் காரைக்காலிலும் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தது. “சேத்துல நின்னா ஆட்டுக்குக் குளம்பு அழுகிரும். நொண்டுற ஆட்ட எவன் வாங்குவான்?”

அதனால் இப்போது கிடைக்கு முன்னதாக ஓர் ஆள் பைக்கில் போய்க் காய்ந்த நிலம் தேடுகிறார். வயல்காரரிடம் கைபேசியிலேயே பேச்சு முடிகிறது. நடை தூரமானால் லாரி. அந்த வாடகைக்குக் கிடாய் விற்கிறார்கள். சமாளிக்கிறார்கள்தான், ஆனால் அந்தச் செலவு முழுக்க அவர்கள் மடியிலிருந்தே போகிறது.

“தண்ணி என்னைக்கு வரும்னு முன்னாடியே சொன்னாப் போதும், மத்தத நாங்க பாத்துக்கிருவோம்,” என்றார் பெரியவர்.

நியாயமான கோரிக்கை. அணை திறப்பு முடிவாகும்போது உழவருக்குச் சொல்வதைப் போல இவர்களுக்கும் சொல்லலாம். வழியில் ஆட்டுக்கு நோய் கண்டால், மாநில எல்லை பார்க்காமல் மருந்து கிடைக்க வேண்டும்.

மறுநாள் கிடை திருநள்ளாறு பக்கம் போவதாகச் சொன்னார்கள். நானும் அந்த வழிதான்.