பழைய ஜீப்பும் மலைப்பாதையும்

ஏறுவது அரிது, இறங்குவது எளிது என்பர். மலைநாட்டில் பழைய ஜீப் வைத்திருக்கும் நாம் அதனை ஒப்புவதற்கில்லை.

2020 மார்ச்சில் தடைப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் நம்மில் பலர், பிறர் ஓட்டிக் களைத்த வண்டிகளையே நம்பினோம்.

6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவுக்கு ஏறுகையில் றேடியேற்றர் கொதித்தால், ஆவி கண்டு நிறுத்திவிடுகிறோம். றம்பொடை இறக்கமோ அவ்வாறு எச்சரிப்பதில்லை. பிறேக் ஒயில் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓயாது மிதித்துச் சூடேறினால் அவ்வீரம் ஆவியாகி, மிதிகட்டை வெறுமனே தாழ்ந்துவிடும். ஆகவே, ஈராண்டுக்கொருமுறை அதனை மாற்றுகிறோம். இரண்டாம் கியரிலேயே இறங்குகிறோம்.

ஏற்றத்தில் வண்டி நின்றால் தாமதம் மட்டுமே. இறக்கத்தில் நில்லாவிடின், பின்னாசனத்துக் குழந்தைகளுக்கு நாம் என்ன பதில் கூறுவோம்?