பாட்டி மடியும் பேபி சீட்டும்

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து கிள்ளானுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் போதும் என்று கைப்பேசி வரைபடம் சொல்லும். நம்பாதீர்கள். இரண்டரை வயதுப் பிள்ளை உள்ள வீட்டில், வாசற்படியிலிருந்து கார் கதவு வரைக்குமான பயணம் அந்தக் கணக்கில் சேராது.

ஞாயிறுதோறும் எங்களுக்குக் கிள்ளானில் நாத்தனார் வீட்டில் மதியச் சாப்பாடு. கணவர் காரை எடுப்பார். பின்னிருக்கையில் என் மாமியார், அவர் பக்கத்தில் பேபி சீட். சீட்டைக் கண்டதும் மகன் முதுகை வில்லாக வளைப்பான். வளைந்த பிள்ளைக்கு வாரை எப்படி மாட்டுவது என்று எந்தக் கையேட்டிலும் படம் போடவில்லை. பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார அக்காவிடம் கற்ற சொல்லை அந்த நேரம் பார்த்து எடுத்துவிடுவான். "துருன்! துருன்!" அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடமே திரும்பிப் பார்க்கும், நாங்கள் ஏதோ பிள்ளை பிடிக்க வந்தவர்கள் மாதிரி.

வெயிலில் நின்ற காரில் பக்கிளின் இரும்பு சுடும் என்பதால் ஒரு ஈரத் துண்டு எப்போதும் கையில் இருக்கும். ஒரு முறை டோல் சாவடியில் காத்திருந்தபோது, குடித்த மைலோ முழுவதையும் சீட்டுக்கே திருப்பிக் கொடுத்தான். உறையைக் கழற்றித் துவைக்கும்போது அடியில் கிடைத்தவை: மூன்று பிஸ்கட், பாதி வடை, ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த டச் அண்ட் கோ அட்டை. அதுவரை அந்த அட்டைக்காகத் திட்டு வாங்கியவர் என் கணவர்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். அத்தையைத்தான் சமாளிக்க முடியவில்லை.

"பச்சப் புள்ளய இப்படியாம்மா கட்டிப் போடுவீங்க? இங்க குடு, என் மடியில வெச்சுக்கறேன்."

"இல்லத்தை, அதுல இருக்கறதுதான் அவனுக்கு நல்லது."

"நாலு புள்ளையையும் உங்க மாமா கப்சாய் மோட்டார்லதான் கொண்டு போனாரு. முன்னால ஒன்னு, நடுவுல ரெண்டு, என் மடியில ஒன்னு. என்ன ஆயிடுச்சு?"

இதற்குப் பதில் சொல்வது சுலபம். அப்படிப் போனதில் ஏதாவது ஆகிப்போன குடும்பங்கள் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. ஆனால் அத்தையிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பந்திங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன்பே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மலைக்காட்டுக்குப் போய்விடுவார். அங்கே வரிசையாக ஏணைகள் தொங்கும். எந்த ஏணையில் அழுவது தன் பிள்ளை என்று தெரியாமலே பகல் போகும். சாயங்காலம் திரும்பிய பிறகுதான் பிள்ளைக்கு அவர் மடி, மடிக்குப் பிள்ளை. அப்படிப்பட்டவரிடம் போய், மடி ஆபத்தானது என்று நான் எப்படிச் சொல்வது?

என் தொழிலும் என்னை விடுவதில்லை. வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறேன். பாட்டுக்கு நடுவே போக்குவரத்துத் தகவல் வாசிப்போம். இந்த நெடுஞ்சாலையில் விபத்து, இடது தடம் மூடப்பட்டுள்ளது, நெரிசல் மூன்று கிலோமீட்டர். வாசித்து முடித்ததும் அடுத்த பாட்டு. வேலைக்குப் போகிறவருக்கு எவ்வளவு தாமதம் என்பதுதான் செய்தி. அந்தக் காரின் பின்னிருக்கையில் யார் இருந்தார்கள் என்பது என் தாளில் இருக்காது. பிள்ளை பிறந்த பிறகு அந்தத் தாளை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பின்னிருக்கை ஞாபகம்தான்.

நம் நாட்டில் பின்னிருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்று ஆனது 2009 ஜனவரி முதல் தேதி. தனியார் கார்களில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயமானது 2020 ஜனவரி முதல் தேதி. சட்டம் வந்த பிறகும் பெரிய கார்ப் பயணம் என்றால் நம் வீடுகளில் மடிதான். காசும் ஒரு காரணம், சீட் பல நூறு வெள்ளி ஆகிறது. பழைய சீட் வாங்குகிறவர்கள் அது ஏற்கெனவே ஒரு மோதலைப் பார்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம்.

ஒரு நாள் அத்தைக்கு அரிசிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதிச் சட்டென்று நின்றால், 12 கிலோ பிள்ளை அந்த நொடியில் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். பத்துக் கிலோ அரிசி மூட்டை இருபது. "உங்களால் பிடிக்க முடியுமா அத்தை?" என்றேன்.

"அரிசி மூட்டையும் புள்ளையும் ஒன்னாம்மா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணக்கு அன்றோடு முடிந்தது.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு. புக்கிட் ஜாலில் தாண்டிக் கெசாஸில் போய்க்கொண்டிருந்தோம். பெருமழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் மோட்டார்காரர்கள் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவது உங்களுக்கே தெரியும். ஒருவர் அவசரமாக ஓரம் கட்டினார், எங்களுக்கு முன்னால் போன கார் பிரேக் போட்டது, என் கணவரும் போட்டார். மோதவில்லை. ஒரு முழத்தில் நின்றது.

அத்தை பெல்ட் போட்டிருந்தார். அவர் மடியில் நாத்தனாருக்காக வைத்த பாயசத் தூக்கு, இரண்டு கையாலும் பிடித்தபடி. அந்தத் தூக்கு அவர் கையை விட்டுப் பறந்து, முன்னிருக்கைகளுக்கு நடுவே வந்து கியர் கம்பியில் இடித்து நின்றது. கார் முழுக்கச் சேமியா. மகன் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். "யாரு கொட்டினா?" என்று கேட்டான்.

யாரும் பதில் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அத்தை தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டியாத்தான் புடிச்சிருந்தேன்," என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அரிசி மூட்டையை நினைவுபடுத்த எனக்கு மனசு இல்லை. ஏலக்காய் வாசனையோடு கிள்ளான் போய்ச் சேர்ந்தோம். அந்த வாசனை போக மூன்று வாரம் ஆனது, எறும்பு போக இன்னும் கொஞ்சம்.

இப்போதும் அவன் வளைகிறான், "துருன்" என்கிறான். அத்தை மட்டும் "இங்க குடு" என்பதில்லை. பக்கிளுக்கு ஈரத் துண்டு வைப்பது அவர் வேலையாகிவிட்டது. பயணம் முழுக்க ஒரு விரலை வாருக்குப் பக்கத்தில் நீட்டி வைத்திருப்பார், அவன் பிடித்துக்கொள்ள.

அடுத்த மாதம் ஈப்போவில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எல்லாரும் ஒரே வேனில் போவதாக ஏற்பாடு. "யார் மடியிலாவது உட்கார்ந்துக்குவான், பார்த்துக்கலாம்" என்று உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னதை அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். இரவு சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சீட்ட வேன்ல மாட்ட முடியுமாம்மா? இல்லன்னா நாம நம்ம கார்லயே போயிடலாமா?"