கண்ட உலகும் காணாத கர்த்தாவும்

கடவுளைக் காட்டு என்று கேட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பானை இருந்தா குயவன் இருந்துதானே ஆகணும்?" பள்ளிக்கூடத்தில் கால் வைக்காத என் பாட்டி இதைச் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். தத்துவ நூல்களைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பேச்சின் வயது தெரிந்தது. செய்யப்பட்ட பொருளுக்குச் செய்தவன் வேண்டும், உலகமும் செய்யப்பட்ட பொருளே என்று சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நியாய மரபின் உதயனர் 'நியாயகுசுமாஞ்சலி'யில் வாதிட்டிருக்கிறார்.

தமிழில் இந்த வாதத்தை நிலைநாட்டியவர் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார். 13ஆம் நூற்றாண்டில் அவர் தந்த சிவஞானபோதம் 12 சூத்திரங்கள், 40 அடிகள் மட்டுமே கொண்ட நூல். முதல் சூத்திரத்திலேயே நாம் விரல் நீட்டிச் சுட்டக்கூடிய இந்த உலகத்தைச் சான்றாக நிறுத்துகிறார். இதன் ஒவ்வொரு பகுதியும் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. தானாக இவற்றைச் செய்துகொள்ளும் அறிவு சடப்பொருளுக்கு இல்லை. செய்விப்பவன் ஒருவன் வேண்டும். எது எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மீண்டும் தோன்றும் என்பதால், எல்லாம் ஒடுங்கிய பின்னும் எஞ்சி நிற்கும் ஒடுக்குபவனே முதல்வன் என்கிறார். பாட்டியின் பானையும் இங்கே முழு வடிவம் பெறுகிறது. மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை மண், சக்தி சக்கரம், இறைவன் குயவன். ஒன்றுமில்லாததிலிருந்து உலகம் வந்தது என்று மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் சொல்வதே இல்லை.

இந்த வாதத்தை மறுத்தவர்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் பரம பக்தரான இராமானுசர். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யத்தில் உரை எழுதும்போது அவர் கேட்கிறார்: உலகம் செய்யப்பட்டதாகவே இருக்கட்டும், எல்லாம் ஒரே காலத்தில் ஒருவரால் செய்யப்பட்டது என்று எப்படித் தெரியும்? நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லாரும் உடம்பு உடையவர்கள் ஆயிற்றே? இறைவனை அறியச் சாத்திரம் ஒன்றே வழி, அனுமானம் அவ்வளவு தூரம் போகாது என்பது அவர் முடிவு. 1779இல் வெளிவந்த டேவிட் ஹியூமின் உரையாடல் நூலும் உலகைப் பலர் கூடிச் செய்திருக்கலாமே என்று கேட்கிறது. ஐரோப்பியச் சந்தேகவாதி எழுப்பிய கேள்வியைப் பல நூற்றாண்டுகள் முன்பே ஒரு வைணவ ஆசாரியர் எழுப்பியிருப்பதை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவி கூடு கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஆண் குருவி ஓலையின் ஓரத்தை அலகால் கடித்து, பறந்தபடியே நாராகக் கிழித்து வரும். பாதிக் கூடு முடிந்ததும் அதில் தொங்கிச் சிறகடித்துப் பெண் குருவியை அழைக்கும். அது வந்து நுழைந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் மீதிக் கூடும் நீண்ட வாசல் குழாயும் உருவாகும். 1802இல் வில்லியம் பேலி கடிகாரத்தைக் காட்டிக் கேட்ட கேள்வியை இந்தக் கூட்டைக் காட்டியும் கேட்கலாம்: இத்தனை நுட்பத்துக்குப் பின்னால் ஓர் அறிவாளி இல்லையா? 1859இல் டார்வின் வேறு விடை தந்தார். நன்றாகக் கட்டிய குருவியின் வம்சம் தழைத்தது, மற்றது தேய்ந்தது. இந்த விடையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். உயிர்களின் நுட்பத்தை மட்டும் வைத்துக் கடவுளை நிறுவும் வழி அதோடு அடைபட்டது என்றே கருதுகிறேன்.

மெய்கண்டாரின் கேள்வி அதற்கும் அடியில் இருக்கிறது. ஓலை நாராகக் கிழியும், முடிச்சு இறுகும், நேற்று இருந்த இயல்பு இன்றும் இருக்கும் என்ற ஒழுங்கு இருந்தால்தான் இயற்கைத் தேர்வே நடக்கும். அந்த ஒழுங்கு எதனால்? உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று 1948இல் காப்பிள்ஸ்டன் பாதிரியாருடன் நடந்த வானொலி விவாதத்தில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சொன்னார். அது நேர்மையான பதில். ஆனால் என் மனம் அதில் அமைதி கொள்ளவில்லை. தோன்றி மறைவதையே எங்கும் காணும் எனக்கு, மறையாத ஒன்றைத் தேடுவதே இயல்பாகத் தெரிகிறது.

இந்த வாதம் ஒரு காரணம்வரை நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். அந்தக் காரணத்தின்மேல் அன்பு பிறப்பது வேறு வழியில். அதற்காக வாதம் வீண் என்று ஆகிவிடாது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை எழுதியபோது, கடவுளே இல்லை என்ற உலகாயதம் தொடங்கி 14 மாற்றுக் கொள்கைகளைப் பரபக்கத்தில் எடுத்து வைத்து விடை சொன்ன பிறகே தம் கொள்கையைச் சுபக்கத்தில் விரித்தார். உங்கள் வீட்டுப் பிள்ளை "அந்தக் குயவனைச் செய்தது யார்?" என்று கேட்டால் சாமி குத்தம் என்று வாயை அடைக்காதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள். நம் ஆசாரியர்கள் அப்படித்தான் செய்தார்கள்.