கரப்பானும் காரணமும்

ஆம்பூரில் ஒரு குழந்தையின் முழங்கை மடிப்பில் தடிப்புக் கண்டால், காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பாட்டிமார் கத்தரிக்காயைக் குற்றம் சாட்டுவார்கள். படித்தவர்கள் பாலாற்றைக் காட்டுவார்கள். பின்னதை வீண் பேச்சென்று தள்ளுவதற்கில்லை. தோல் ஷாப்புகளின் கழிவு நீருக்காக ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்துச் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பளித்தது. குரோமிய உப்பில் புழங்கும் தொழிலாளரில் சிலருக்குக் கைத்தோல் தடித்து வெடிப்பதும் மெய்யே. ஆனால் அது பெரும்பாலும் பொருள் பட்ட இடத்தில் வருவது.

என் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் கைக்குழந்தைப் பருவம் முதலே தடிப்பு வந்து வந்து போகிறது. தகப்பனாருக்கோ இழுப்பு உண்டு. இவ்விரண்டும் ஒரே குடும்பத்தில் தொடர்ந்து வருவது சகஜம். தோலின் மேற்படலத்தைக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறை பலருக்கு இதன் வேர் என்று 2006-ல் கண்டார்கள். ஈரம் தங்காத தோல் அரிக்கிறது. சொறிந்த புண்ணில் கிருமி புகுகிறது. ஆகவே குளித்த ஈரம் உலருமுன் வாஸ்லீன் தடவுவதே முதற் சிகிச்சை. களிம்பு வைத்தியர் சொற்படி.

சிரங்கு வேறு. விரலிடுக்கில் இரவில் அரித்து, வீட்டில் மற்றவரும் சொறிந்தால், எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டும்.

கரப்பான் ஒட்டாது என்று நான் விளக்கிய பிறகே தோழிகள் அவளருகில் அமர்ந்தார்கள். பத்தியத்தால் மெலிந்த அப்பெண்ணுக்கு முட்டை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. பாட்டியம்மாளிடம் என் பட்டம் செல்லுபடியாகாது.