முகவரி மாறிய பெட்டகம்

ஒரு பொருள் தொலைந்துபோவது வேறு. அப்பொருள் இருக்கும் இடத்திற்குச் செல்லும் வழி தொலைந்துபோவது வேறு. அன்றாட வாழ்வில் இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் ஒன்றெனவே கருதி மயங்குகின்றோம். தொலையாத பொருளைத் தேடப் புறப்பட்டு, அத்தேட்டத்தினாலேயே அதனை மெய்யாகத் தொலைத்துவிடுவோரும் உளர். எங்கள் வீட்டில் 2024 ஆம் ஆண்டில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்று இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது. கணினிக் கருவியொன்றைச் சீர்செய்த கதையை, வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவியொருத்தி எழுதப் புகுவது நண்பர் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். முழுவதும் கேட்டபின் அவர்கள் நகைப்பார்களாயின் எனக்கு வருத்தமில்லை.

என் அம்மப்பா வலிகாமத்துச் சிற்றூரொன்றில் உபதபாலதிபராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அவரும் அம்மம்மாவும், அப்போது சிறுபிள்ளைகளாயிருந்த என் தாயாரும் மாமாவும் அச்சனத்திரளில் இருந்தனர். அடையாள அட்டைகள், காணி உறுதி, சில உடுப்புகள் என்பனவே அவர்கள் கையில் இருந்தவை. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள் நின்றன. அலுமாரியில் இருந்த புகைப்படத் தொகுப்புகள் இல்லை.

இழந்ததை எண்ணி அவர் அழுதிருந்தார் என யாரும் சொல்லக் கேட்டதில்லை. அவர் கடிதம் எழுதினார். கொழும்புக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும், "எங்கட கலியாணப் படத்தில ஒண்டு உங்களிட்ட இருந்ததல்லோ?" என்று கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதினார். வந்து சேர்ந்த படங்களை எல்லாம் வருடியிலிட்டுக் கணினியிற் பதித்தார். பிற்காலத்தில், பார்வை மங்கத் தொடங்கியபோது, தான் அறிந்த ஊர்க்கதைகளையும் குடும்பக் கதைகளையும் தம் குரலிலேயே பதிவுசெய்தார். 2018 இல் கனடாவிலிருந்து வந்த மாமா, இவற்றைச் சேமிப்பதற்கென ஒரு கருவியைக் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தார். திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சிறு கணினி என்று அதனைச் சொல்லலாம். உள்ளே இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் எழுதுவது மற்றையதிலும் அவ்வாறே எழுதப்படும். வீட்டு வலையமைப்போடு அதனைக் கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள எக்கணினியிலிருந்தும் அதிலுள்ளவற்றைப் பார்க்கலாம். வலையமைப்புச் சேமிப்பகம் என்பது அதன் பெயர்; அம்மப்பா அதனைப் பெட்டகம் என்றே அழைத்தார்.

அவர் காலமான பன்னிரண்டாம் நாள், முன்னரே விண்ணப்பித்திருந்த ஒளியிழை இணைப்பைப் பொருத்த ஆட்கள் வந்தனர். துக்க வீடென்று அவர்களைத் திருப்பியனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. விண்ணப்பத்தில் ஒப்பமிட்டிருந்தவர் அம்மப்பாவே அன்றோ? பழைய செப்புக் கம்பி இணைப்போடு, றவுட்டர் என்று நாம் வழங்கும் பழைய வழிப்படுத்தியும் அகற்றப்பட்டது. புதியது சுவரில் ஏறியது. தொலைபேசிகள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் இயங்கின.

மறுநாட் காலை, கல்வெட்டுக்கான படங்களை எடுக்க அமர்ந்தேன். அந்தியேட்டியன்று வழங்கவேண்டிய அந்நூலுக்கான படங்களையும் வாழ்க்கைக் குறிப்பையும் இருபதாம் நாளுக்குள் தரவேண்டுமென அச்சகத்தார் கூறியிருந்தனர். மடிக்கணினியிற் பெட்டகத்தின் கோப்புறையைத் திறந்தேன். நெடுநேரம் தேடிய கணினி, அத்தகைய இடம் எதுவும் இல்லை என்று அறிவித்தது. புதிய வழிப்படுத்தியோடு இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன்; தொலைபேசிகள் இருந்தன, தொலைக்காட்சி இருந்தது, பெட்டகம் இல்லை. ஆனால் அதுவோ மேசையின் கீழே, என் காலடியில், பச்சை விளக்கு மினுங்க இருந்தது.

அடுத்த இரு நாட்களில் நாம் செய்தவற்றை நினைக்க இப்போதும் நெஞ்சு நடுங்குகின்றது. கம்பியை மாற்றினோம். மின்னை நிறுத்தி மீண்டும் கொடுத்தோம். பின்புறத்துச் சிறு துளையினுள் ஊசியால் அழுத்தினால் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும் என்றார் அயலவர் ஒருவர். ஆரம்ப நிலை என்பதில் அம்மப்பாவின் இருபது ஆண்டு உழைப்பும் அடங்குமா என்று கேட்டேன். அவருக்கு மறுமொழி தெரியவில்லை. சில கருவிகளில் அவ்வழுத்தம் கடவுச்சொல்லையும் வலையமைப்பு அமைப்புகளையும் மட்டுமே அழிக்கும்; வேறு சிலவற்றில் எல்லாவற்றையும் அழிக்கும். எது எந்த வகை என்பது அக்கருவியின் கைந்நூலிலேயே இருக்கும். எமது கைந்நூலோ அகப்படவில்லை.

பின்னர் தம்பி பெட்டகத்தை நிறுத்தி, ஒரு வன்தட்டைக் கழற்றித் தன் கணினியோடு பொருத்தினான். சிறிது நேரத்தில் அவன் குரல் கேட்டது: "அக்கா, போமற் பண்ணினாத்தான் பாவிக்கலாம் எண்டு கேக்குது. ஓமெண்டு குடுக்கட்டே?"

குசினியிலிருந்து ஓடிவந்து அவன் கையைப் பற்றினேன். அறிந்து செய்த காரியமன்று, அச்சத்தினாற் செய்தது. பின்னரே காரணத்தை அறிந்தேன். இத்தகைய பெட்டகங்கள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் தட்டுகளில் எழுதுகின்றன. விண்டோஸ் கணினிக்கு அவ்வெழுத்து வாசிக்கத் தெரியாது. தான் வாசிக்கமாட்டாத ஏட்டை வெற்றேடு என்று கருதி, புதிதாகக் கோடிட்டுத் தரட்டுமா எனப் பணிவோடு கேட்கின்றது. ஓம் என்றிருந்தால் மற்றைத் தட்டு பிழைத்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் அன்று நாம் அதனை அறியோம். முதலாவது தட்டு வெறுமையாய் இருக்கக் கண்டு, இரண்டாவதையும் கழற்றி அதே கேள்விக்கு அதே விடையைக் கொடுத்திருப்போம்.

தட்டை அதற்குரிய இடத்திலேயே மீண்டும் பொருத்திவிட்டு, இனி ஆராயாமல் எதனையும் தொடுவதில்லை என்று முடிவுசெய்தேன். வகுப்பில் எமக்குக் கற்பிக்கப்படும் முறை ஒன்றுண்டு. ஒரு நிகழ்ச்சியை விளக்க முற்படும்போது, எது மாறியது, எது மாறாதிருந்தது என்பதை முதலில் வேறுபடுத்தவேண்டும். அறிந்ததையும் ஊகித்ததையும் ஒரே பத்தியில் எழுதலாகாது. ஒரு தாளை எடுத்து நடுவே கோடிட்டேன். மாறாதவை: பெட்டகம், தட்டுகள், கம்பி, மடிக்கணினி. மாறியது: வழிப்படுத்தி ஒன்றே. அங்ஙனமாயின் நாம் இரு நாட்களாக மாறாதவற்றையே பிரித்துக்கொண்டிருந்தோம்!

வழிப்படுத்தி என்ன செய்கின்றது என்பதை அன்றிரவு வாசித்தேன். வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்னும் இலக்கம் வேண்டும். நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதுவது அதன் வழக்கமான வடிவம். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இவ்வாறு அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. உலகிலுள்ள கருவிகளுக்கெல்லாம் இது போதாமையால், வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே மாத்திரம் வழங்குவதற்கெனச் சில தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 1996 இல் வெளியான நியமம் அவற்றை வரையறுக்கின்றது. 192.168 என்று தொடங்குவன அவற்றுள் ஒன்று. வீடுகளில் வழக்கமான அமைப்பின்படி முதல் மூன்று எண்கள் ஒழுங்கையின் பெயரைப் போன்றவை. இறுதி எண் வீட்டிலக்கம். ஒரே ஒழுங்கையில் உள்ள கருவிகள் தம்முள் நேரே கூப்பிட்டுப் பேசும். வேறு ஒழுங்கைக்குரிய செய்தியை வழிப்படுத்தியிடமே கையளிக்கும். வீட்டில் புதிதாக வரும் கருவிக்கு ஓர் இலக்கத்தை வழங்குவதும் வழிப்படுத்தியே; ஆனால் கருவியொன்று தனக்கென நிலையான இலக்கமொன்றை வரித்துக்கொண்டிருப்பின், அது யாரிடமும் கேட்பதில்லை.

புதிய வழிப்படுத்தியின் முகவரி 192.168.100.1 என்று அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டிற் கண்டேன். பெட்டகத்தின் முகவரி யாது? அதனைச் சொல்லவேண்டியவர் இல்லையே என்று எண்ணியபோதே, அம்மப்பாவின் கணக்குக் கொப்பிகள் நினைவுக்கு வந்தன. முப்பது ஆண்டுகள் பதிவேடுகளோடு வாழ்ந்தவர், வீட்டுக்கு வந்த எப்பொருளையும் பதியாமல் விட்டதில்லை. 2018 ஆம் ஆண்டுக் கொப்பியில், நீர்ப்பம்பி திருத்திய கூலிக்குக் கீழே, அவருடைய சரிந்த கையெழுத்தில் இருந்தது: "பெட்டகம். நிரந்தர முகவரி 192.168.1.50." அடுத்த வரியிற் கடவுச்சொல்.

நிரந்தர முகவரி! அச்சொற்களை வாசித்தபோது நடந்தது முழுவதும் விளங்கியது. வீடு முழுவதும் 192.168.100 என்னும் புதிய ஒழுங்கைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பெட்டகம் மட்டும் 192.168.1 என்னும் பழைய ஒழுங்கையில், ஐம்பதாம் இலக்கத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கின்றது. என் கணினி பழைய முகவரிக்கு எழுதிய கடிதங்களைப் புதிய வழிப்படுத்தி வெளியே அனுப்பியது. அவ்விலக்கங்களுக்கு வெளியுலகில் வழி இல்லையாதலால் அவை எங்கோ கைவிடப்பட்டன. தொலைந்தது எதுவுமில்லை.

செய்யவேண்டியது எளிதாயிற்று. மடிக்கணினியின் கம்பியில்லா இணைப்பை நிறுத்தி, அதனையும் பெட்டகத்தையும் ஒரே கம்பியால் நேரே இணைத்தேன். மடிக்கணினிக்கு 192.168.1.20 என்ற முகவரியை நானே கொடுத்தேன். அதாவது, பெட்டகத்தைப் புதிய ஒழுங்கைக்கு இழுப்பதற்கு முன், நான் பழைய ஒழுங்கைக்குச் சென்றேன். உலாவியில் 192.168.1.50 என்று தட்டினேன். கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். கோப்புறைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக விரிந்தன: கலியாணம், கோயில், சாவகச்சேரி, பிள்ளைகள், குரல்.

வழிப்படுத்தியின் முகவரியைப் பழையபடி மாற்றுவதும் ஒரு வழியே. ஆனால் அடுத்த தடவை வழிப்படுத்தி மாறும்போது இதே கதை மீண்டும் நிகழும். ஆகவே பெட்டகம் தன் முகவரியைத் தானே வரித்துக்கொள்ளாது, வழிப்படுத்தியிடம் கேட்டுப் பெறுமாறு மாற்றினேன். பின், அதனைப் புதிய வழிப்படுத்தியோடு இணைத்து, அதன் வன்பொருள் முகவரியை அடையாளமாகக் காட்டி, எப்போதும் 192.168.100.50 என்ற இலக்கமே அதற்கு வழங்கப்படுமாறு ஒதுக்கினேன். இறுதியாக, மடிக்கணினியில் இருந்த பழைய இணைப்பை நீக்கிப் புதிய முகவரிக்கு அமைத்தேன். எல்லாம் அரை மணி நேரத்துள் முடிந்தன.

அன்றிரவு "குரல்" என்ற கோப்புறையில் ஒன்றைத் திறந்தோம். 1995 இல் அஞ்சலகத்தைப் பூட்டிய நாளைப் பற்றி அம்மப்பா பேசினார். கொடுத்து முடியாத கடிதங்கள் ஒரு கட்டு இருந்தனவாம். ஆட்கள் எங்கே போனார்களென்று தெரிந்தால் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். எழுதியவர் இருக்கிறார், கடிதம் இருக்கிறது, பெற வேண்டியவரும் எங்கோ இருக்கிறார், இடையிலே முகவரிதான் இல்லை என்று சொல்லிச் சிறிது நேரம் பேசாதிருந்தார். அந்த அமைதியும் பதிவாகியிருந்தது. அம்மா எழுந்து உள்ளே சென்றார்.

மகிழ்ச்சியோடு அச்சமும் எனக்கு உண்டாயிற்று. இம்முறை தொலைந்தது வழி மட்டுமே. ஆனால் பொருளே தொலையும் காலமும் உண்டு என்பதை எம்மினும் நன்கறிந்தோர் யார்? 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளுக்கு எந்த முகவரியும் இனிமேல் இல்லை. இரண்டு தட்டுகள் உள்ளன என்ற ஆறுதலும் போதாது. ஒரு தட்டு பழுதானால் மற்றையது காக்கும். ஆனால் தவறுதலாக அழித்தது இரண்டிலும் அழியும். இடியோ திருட்டோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரே பெட்டியில் இருக்கும் இரு பிரதிகள், ஓரிடத்தில் இருக்கும் ஒரு பிரதிக்கு ஒப்பானவையே. ஆகவே அனைத்தையும் வெளித்தட்டு ஒன்றிற் பிரதிசெய்து பேராதனைக்குக் கொண்டுவந்தேன். மாமாவுக்கும் ஒரு பிரதி சென்றது.

கல்வெட்டு உரிய நாளில் அச்சாகி வந்தது. அட்டையில் இலண்டனிலிருந்து மீண்ட கலியாணப் படம் இருந்தது. அதனை அனுப்பிய பெரியம்மாவும் இன்றில்லை.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவதற்கு முதல்நாள், அம்மப்பாவின் கொப்பியை எடுத்து, "நிரந்தர முகவரி" என்பதில் நிரந்தர என்ற சொல்லை மெல்லிய கோட்டினால் வெட்டினேன். அதன் கீழே புதிய இலக்கத்தையும், திகதியையும், பிரதிகள் இருக்கும் இடங்களையும் எழுதினேன். என்னைப்போல் இன்னொருத்தி ஒருநாள் தேடக்கூடும் என்பதற்காக, கையெழுத்தைச் சற்றுத் தெளிவாகவே எழுதினேன்.