மார்கழிப் பனியும் மொட்டை மலையும்

மார்கழி பிறந்தா போதும், சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க கொடைக்கானல்ல ரூம் தேட ஆரம்பிச்சிடுவாங்க. பனி, மலை, காலாற ஒரு நடை, இதுதானே வேணும்? மூணும் எங்க திருவாதவூர்ல இருக்கு, ரூம் வாடகை இல்லாம. என்ன ஒண்ணு, எங்க பக்கத்து மலைகள் பெரும்பாலும் வெறும் பாறை. அதனாலேயே யாரும் அதை மலைன்னு பெருசா மதிக்கிறதில்ல.

ஒத்தக்கடையில பிரிஞ்சு திருமோகூர் வழியா வந்தா எங்க ஊர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். மார்கழி காலையில கோயில் ரேடியோவுல அவரோட திருவெம்பாவை கேட்க ஆரம்பிச்சதும் வயக்காட்டுக்குக் கிளம்பலாம். குளிர்னா 20 டிகிரி பக்கம்தான். ஆனா எங்க ஆளுகளுக்கு அதுக்கே தலையில துண்டு, மேல ஒரு போர்வை. பெரியாறு தண்ணி ஒழுங்கா வந்த வருஷம்னா நெல்லு பால் பிடிச்சு நிக்கும். வரப்புல நாலு எட்டு வச்சாலே வேட்டி முழங்கால் வரைக்கும் நனைஞ்சிடும்.

அந்த நேரத்துல மேற்க திரும்பிப் பாருங்க. கீழ எல்லாம் பனி மூடியிருக்கும். கிழக்க சூரியன் கிளம்பினதும் முதல் வெளிச்சம் யானைமலை முதுகுல விழும். கால் மடக்கிப் படுத்த யானை ஒண்ணு பனிக்குள்ள மிதக்கிற மாதிரி இருக்கும். அந்த யானையோட அடிவாரத்துல நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கு. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனோட அமைச்சர் மாறன் காரி குடைவிச்சது. அவர் காலமானதும் தம்பி மாறன் எயினன் வேலையை முடிச்சதா கல்வெட்டு சொல்லுது. வருஷம் 770.

எங்க ஊர் ஓவாமலை அவ்வளவு பெருசு இல்ல. பேச்சுக் கொடுத்துக்கிட்டே ஏறிடலாம். குகைத்தளத்துல சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கையும், சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தின தமிழி எழுத்தும் இருக்கு. மழை முடிஞ்ச காலம்ங்கிறதால பாறைக் குழியில எல்லாம் தண்ணி தேங்கியிருக்கும், வானம் அதுல தெரியும். மேல நின்னு பார்த்தா கண்மாயும் வயலும் பனங்கூட்டமும் ஒண்ணுக்கு ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கிறது புரியும்.

பட்டணத்துக்காரங்க கவனிக்க வேண்டியது இதைத்தான். மண்ணு முதல் மழையைக் குடிச்சிடும். பாறை குடிக்காது. ஐப்பசி, கார்த்திகையில பெய்யிறது அப்படியே வழிஞ்சு ஓடைக்கு வரும், ஓடையிலிருந்து கண்மாய்க்கு வரும். மேல் கண்மாய் நிறைஞ்சா மறுகால் பாய்ஞ்சு கீழ் கண்மாய்க்குப் போகும். மொட்டை மலைதான் எங்களுக்குத் தண்ணித்தாய். அதை அறுத்தெடுத்தா குழி மிஞ்சும். குழியில தண்ணி நீலமா நிக்கும், போட்டோ எடுக்க அழகாக்கூட இருக்கும். ஆனா ஒரு குழிக்கும் மடை கிடையாது, வயலுக்கு ஒரு சொட்டு வராது. மேலூர் வட்டாரத்துல கிரானைட் வெட்டினது எவ்வளவு பெரிய விவகாரம்னா, அதை விசாரிக்க 2014-ல உயர் நீதிமன்றமே சகாயம் ஐ.ஏ.எஸ்.ஸை நியமிக்க வேண்டியதாச்சு.

யானைமலைக்கு வடக்க அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், குடைவரைச் சிவன் கோயில், சமணர் கல்வெட்டு, அதோட பாறை இடுக்குல கூடு கட்டுற வல்லூறு, ராசாளி. 2022 நவம்பர்ல சுமார் 193 ஹெக்டேரை பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்சுது. தமிழ்நாட்டுக்கே அதுதான் முதல். இரண்டே வருஷத்துல, 2024 நவம்பர்ல, அந்தப் பகுதியையும் சேர்த்து 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் எடுக்க ஏலம் போயிருச்சுன்னு செய்தி வந்துச்சு.

மார்கழி நடைன்னா எனக்கு அடுத்து ஞாபகம் வர்றது 2025 ஜனவரி 7. பஞ்சாங்கப்படி மார்கழி 23. நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு ஊர் ஊரா ஜனங்க நடந்தாங்க. வழியெல்லாம் ஒரு பக்கம் யானைமலை கூடவே வந்துச்சு. வயசான அப்பத்தாக்கள், கைப்பிள்ளைக்காரிகள், விவசாயிகள், கடையை அடைச்சிட்டு வந்த வியாபாரிகள். இதே மலைகளைப் பார்த்து வளர்ந்தவங்கதான் எல்லாரும். ஜனவரி 23-ஆம் தேதி அந்த ஏலத்தை மத்திய அரசு ரத்து பண்ணுச்சு. அப்போ தைப்பொங்கல் முடிஞ்சிருந்துச்சு. எங்க பக்கம் மறுபடியும் ஒரு பொங்கல் வந்த மாதிரிதான் இருந்துச்சு.

ஒரு மலையை யாரும் போய்ப் பார்க்கலைன்னா, அது காகிதத்துல வெறும் பாறைதான். இத்தனை ஹெக்டேர், இன்ன கனிமம், அவ்வளவுதான். நடந்து பார்த்தவனுக்கு மட்டும்தான் அங்க சுனை இருக்கிறதும், எந்தப் பக்கச் சரிவு எந்தக் கண்மாய்க்குத் தண்ணி விடுதுங்கிறதும் தெரியும். அதுக்காகவே வாங்கன்னு கூப்பிடுறேன்.

மார்கழியோ தையோ, விடியிறதுக்குள்ள வந்துருங்க. ஒன்பது மணிக்கு மேல பாறை சுட ஆரம்பிச்சிடும். கல்வெட்டு மேல கையால தேய்க்காதீங்க, பேர் கிறுக்காதீங்க. பாட்டிலைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க. வழி தெரியலைன்னா ஆடு மேய்க்கிறவங்ககிட்ட கேளுங்க. சொல்றதோட நிக்க மாட்டாங்க, பாதி தூரம் கூடவே வருவாங்க.